இன்று இரவுக்கு என்ன? அந்த ஒரு வேளையைச் சமாளித்த அனுபவங்கள்

அந்திக் குறிப்பேடு

மாலை நான்கு மணிக்கே அந்தக் கேள்வி எனக்குள் எழுந்துவிடும். கை வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மனம் வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றுகொண்டிருக்கும். அரைக் கட்டுக் கீரை இருந்ததே, வாடியிருக்குமோ? முட்டை மூன்றா, நான்கா? நேற்றைய பருப்பு ஒரு கிண்ணம் மீந்ததா, யாராவது தீர்த்துவிட்டார்களா? சமைப்பது எனக்கு என்றுமே பாரமாக இருந்ததில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் கை தானாக ஓடும். என்ன சமைப்பது என்று முடிவெடுப்பதில்தான் உடம்பில் இருக்கும் தெம்பெல்லாம் வடிந்துவிடுகிறது.

சென்ற மாதம் ஒரு சின்னக் காரியம் செய்தேன். பழைய நோட்டு ஒன்றை அடுப்படிச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வோர் இரவும் சாப்பிட்டு முடித்த பிறகு என்ன சமைத்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதி வந்தேன். முன்கூட்டிப் போடும் பட்டியல் அன்று. நடந்ததை நடந்தபடி எழுதிய கணக்கு. 31 நாள், 31 வரி. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது சாப்பாடுதான் மாறி மாறி வந்திருந்தது. பருப்பும் சோறும் மட்டும் ஏழு இரவு. வீட்டில் ஒருவரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தினமும் புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று என்னை நானே விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படி யாரும் என்னிடம் கேட்கவே இல்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். செய்முறை வேண்டாம், அவை எங்கு திரும்பினாலும் கிடைக்கின்றன. ஓர் இரவைச் சொல்லுங்கள். வீட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை, யார் பசியோடு காத்திருந்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள்.

முதலில் என்னுடையது. வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை. நான்கு பேருக்குச் சாப்பாடு. இருந்தவை உருளைக்கிழங்கு நான்கு, வெங்காயம் ஒன்று, முட்டை இரண்டு. அரிசி ஊறவைக்கக்கூட மனம் வரவில்லை. கிழங்கை முழுதாக வேகவைத்தால் அரை மணி நேரம் போய்விடும் என்று சுண்டுவிரல் நுனி அளவுக்குத் துண்டு போட்டேன். உப்பு நீரில் எட்டே நிமிடத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. நீரை வடித்து, ஆவி அடங்கும் வரை கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் விட்டேன். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, கிழங்கைக் கொட்டி, ஒரு பக்கம் மொறுமொறுவென்று ஆகும் வரை கிளறாமல் பொறுத்திருந்தேன். கடைசியில் முட்டை இரண்டையும் அடித்து மேலே ஊற்றி மூடி வைத்தேன். நான்கு பேருக்கு இரண்டு முட்டை என்பது குறைவுதான். ஆனால் கிழங்கின் இடுக்குகளில் எல்லாம் அது இறங்கிப் பிடித்துக்கொண்டதில் நிறைவாக இருந்தது. சின்னவன் தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டான். மறுநாளும் அதையே செய்யச் சொன்னான். நோட்டில் இப்போது அது பத்தாவது சாப்பாடு.


இரவுப் பணி

எனக்கு இரவுச் சாப்பாடு என்பது விடியற்காலை இரண்டு மணி. நல்ல அனுபவம் ஒன்றைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் எனக்கு எது பாடம் புகட்டியதோ அதைச் சொல்வதுதான் இங்கே உதவும்.

மதியம் வடித்த சோறு. பானையோடு அப்படியே மேடை மேல் இருந்தது, மூடி போட்டு. பணி முடிந்து வந்தவன் அதை எடுத்து, பூண்டு தட்டிப் போட்டு, மிளகு தூவி, ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டேன். வாசனையிலோ சுவையிலோ ஒரு மாற்றமும் இல்லை. நான்கு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. விடியும் வரை குளியலறைத் தரையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

நன்றாகச் சூடாக்கித்தானே சாப்பிட்டேன் என்று மருத்துவரிடம் வாதாடினேன். அவர் பொறுமையாக விளக்கினார். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இயல்பாகவே இருக்கக்கூடும். சோறு வேகும் கொதிநிலையையும் அவை தாங்கிக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மறுசூடு என்னைக் காப்பாற்றும் என்று நான் நம்பியிருந்தது அங்கேதான் பொய்த்தது. ஆபத்து சூடாக்கும் நேரத்தில் இல்லை, ஆறும் நேரத்தில் இருந்திருக்கிறது.

இப்போது சோறு வடித்ததும் எனக்கு வேண்டியதை அகலமான தட்டில் பரப்பிவிடுகிறேன். பானையில் குவியலாக இருந்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். தட்டில் பரப்பினால் கால் மணி நேரத்தில் சூடு தணிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாளைக்கு மேல் வைப்பதில்லை. இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. குளிர்ந்த சோற்றில் மாவுச்சத்து இறுகி, பருக்கைகள் தனித்தனியாக நிற்கும். வாணலியில் போட்டு வதக்கும்போது குழையாது. சூடான சோற்றை வதக்கிப் பசையாக்கிய காலமெல்லாம் போயிற்று.

பின்னிரவில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குச் சாப்பாடு சரியாக இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று பகலில் உண்பவர்களுக்கு எளிதில் புரியாது. வாரத்தில் இரண்டு நாள் இந்தச் சோறுதான். முட்டை ஒன்று, கைக்குக் கிடைத்த காய், பூண்டு. அவ்வளவுதான்.


பழைய பதில்

"எதுவானாலும் சரி."

பதினோரு ஆண்டுகள் இதைத்தான் சொல்லிவந்தேன். மனைவி கேட்பாள், இரவுக்கு என்ன செய்யட்டும் என்று. எதுவானாலும் சரி என்பேன். சுமை கொடுக்காத கணவன் என்ற எண்ணம் எனக்கு. அது வேண்டும், இது வேண்டாம் என்று அடம்பிடிக்கிற ஆள் இல்லையே நான்!

ஒரு நாள் அவள் பதில் சொல்லாமல் கரண்டியை மேடை மேல் வைத்தாள். கோபம் இல்லை. குரலும் உயரவில்லை. "நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. யோசித்து யோசித்து ஓய்ந்துபோய் உதவி கேட்கிறேன். எதுவானாலும் சரி என்று நீங்கள் சொல்லும்போது அந்தக் கேள்வியை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள்," என்றாள்.

அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று எனக்கு நினைவில்லை. அந்த வார்த்தைகள் மட்டும் எழுத்து மாறாமல் நினைவிருக்கின்றன.

மறுநாளிலிருந்து ஒரு மாதத்துக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சமையலில் என் பங்கு எப்போதும்போல் காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும்தான். ஆனால் முடிவெடுப்பது முழுக்க என் பொறுப்பு. காலை பத்து மணிக்குள் இரவுக்கு என்ன என்று நான் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கு வேண்டிய பொருள் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை.

முதல் வாரம் எளிது. எனக்குப் பிடித்தவையாகச் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டாவது வாரத்தில்தான் தெரிந்தது இதன் உள்விவகாரம். மகளுக்கு மறுநாள் தேர்வு, காரம் வேண்டாம். அம்மாவுக்குப் பல் வலி, கடினமானது கூடாது. தக்காளி கனிந்துவிட்டது, இன்றே தீர்க்க வேண்டும். பருப்பை ஊறவைக்க மறந்துவிட்டோம். நேற்றும் உருளைக்கிழங்கு. இத்தனையும் ஒருசேர மனத்தில் ஓட, நடுவில் என் வேலையையும் பார்க்க வேண்டும். பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ காலையில் அவளுக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன்; எழுத எதுவுமே தோன்றவில்லை. சும்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு ஆண்டுகள் அவள் நின்ற இடம் அது.

மாதம் முடிந்த பிறகும் பாதி நாட்கள் என் பொறுப்புதான். திங்கள், புதன், வெள்ளி நான். என் முடிவு சரியில்லாவிட்டாலும் அவள் மாற்றுவதில்லை. அதுதான் நிபந்தனை. மாற்றினால் யோசனை மறுபடி அவளிடம் போய்விடும் அல்லவா?


அந்திக் குறிப்பேடு

பழைய பதில் அவர்களே, உங்கள் மனைவி சொன்னதை இரண்டு முறை படித்தேன். அனுமதி கேட்கவில்லை, உதவி கேட்கிறேன். இத்தனை வருடமாக என் தொண்டையில் நின்ற வாக்கியம் இது. இன்று இரவு என் வீட்டில் இதை உரக்கப் படித்துக் காட்டப்போகிறேன்.


நாற்பது ஆண்டு அடுப்பு

மகளே, உன் நோட்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் வாரப் பட்டியல் போடக் கிளம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மருமகள் போட்டாள். திங்களுக்கு இது, செவ்வாய்க்கு இது என்று கட்டம் கட்டி, கண்ணுக்கு அழகாக. புதன்கிழமை அவளுக்குக் காய்ச்சல். வியாழன் விருந்தாளி. வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தால் செவ்வாய்க்கென்று வாங்கிய கீரை கறுத்துக் குழைந்து கிடந்தது. பட்டியல் பொய்த்துவிட்டதே என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். எனக்கு மனசு தாளவில்லை.

அவளுக்கு நான் சொன்னது ஒரே ஒரு வழி. எது முதலில் வாடுமோ அது முதலில் அடுப்பேறட்டும். காய் வாங்கி வந்த அன்றும் மறுநாளும் கீரை, காளான், கொத்தமல்லித் தழை. நடு வாரத்தில் தக்காளி, கத்தரி, பீன்ஸ். கடைசியில் முட்டைக்கோஸ், கேரட், பூசணி. உருளையும் வெங்காயமும் பத்தாம் நாளும் அசையாமல் இருக்கும். உருளையை மட்டும் வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். சோலனைன் என்ற கசப்பான நச்சுப்பொருளும் அதோடு சேரும். அப்படிப்பட்ட கிழங்கை நான் சமைப்பதில்லை. இந்த வரிசை மனத்தில் இருந்தால் என்ன சமைப்பது என்று நீ யோசிக்க வேண்டியதில்லை. காயே சொல்லிவிடும்.

இன்னொன்று. வெங்காயம் ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதுகிறார்களே, அதை நம்பிச் சமையலுக்கு வந்த எத்தனை இளம்பிள்ளைகள் தங்கள் கைதான் சரியில்லை என்று வருந்தியிருப்பார்கள்! ஆகாது. ஐந்து நிமிடத்தில் கண்ணாடிபோல் ஆகும், அவ்வளவுதான். முதலில் அதிலுள்ள நீர் வெளியேற வேண்டும். நீர் இருக்கும் வரை சூடு கொதிநிலையைத் தாண்டி ஏறாது, நிறமும் பிடிக்காது. நீர் வற்றிய பிறகுதான் இனிப்பும் புரதக்கூறும் சூட்டில் கூடிப் பழுப்பேறும். லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதை விளக்கி எழுதியதால் மையார் வினை என்கிறார்கள். வேதியியல் படிக்கும் என் பேத்தி சொல்லித்தான் இந்தப் பெயரே எனக்குத் தெரியும். அடுப்பு முன் நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இது: தீயைத் தணித்து வைத்தால் நாற்பது நிமிடம். அதற்குக் குறைத்து என்னால் முடிந்ததில்லை.

வேலை நாளில் நாற்பது நிமிடத்துக்கு எங்கே போவது? அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வெங்காயத்தை மொத்தமாக வதக்கிவைப்பேன். ஒரு கிலோ வதங்கி வதங்கிக் கால் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். முதலில் கண் எரியும், அப்புறம் வீடெல்லாம் பச்சை வாடை. இருபதாவது நிமிடத்தில் வாடை மாறும். இனிப்பு மணம் எழும். அடி பிடிக்கத் தொடங்கும்போது ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்துச் சுரண்டினால் அந்தப் பழுப்பு முழுவதும் வெங்காயத்திலேயே ஏறிவிடும். இதைப் பொறுமையில்லாமல் செய்யக் கூடாது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். பருப்பில் ஒரு கரண்டி, முட்டையில் ஒரு கரண்டி, வெறும் சோற்றில் ஒரு கரண்டி. அன்றைய சாப்பாட்டின் தரமே மாறிவிடும்.


அப்பாவின் மகள்

எனக்கு ஓர் இரவு இல்லை. எட்டு மாதமாக எல்லா இரவும் ஒரே இரவுதான்.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். 67 வயது வரை அவர் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. எங்களோடு வந்துவிடுங்கள் என்று அழைத்தோம், மறுத்துவிட்டார். சாப்பாட்டுக்கு ஆள் வைக்கிறோம் என்றோம். "உன் அம்மா நின்ற இடத்தில் வேறு யாரையும் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. நானே நிற்கிறேன்," என்றார்.

தினமும் மாலை ஆறரைக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. நேரடியாக, "இன்று உன் வீட்டில் என்ன?" என்பார். நான் சொல்வேன். அதையே அவரும் செய்வார். தொலைவில் இரண்டு அடுப்புகளில் ஒரே சாப்பாடு. அவர் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். டக், நெடிய இடைவெளி, மறுபடி டக். ஒரு வெங்காயத்துக்கு ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வார். நான் அவசரப்படுத்துவதில்லை.

முந்தாநாள் ராஜ்மா செய்வதென்று முடிவு. முதல் நாள் இரவே ஊறவைக்கச் சொல்லியிருந்தேன், வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு மறுபடி அழைப்பு. "இரண்டரை மணி நேரமாகக் கொதிக்கிறது அம்மா, இன்னும் கல்போல இருக்கிறது. நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன்." குரல் உடைந்திருந்தது. ராஜ்மாவுக்காக உடைந்த குரல் இல்லை அது என்று எனக்குத் தெரியும்.

பழைய விதையாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். விதை நாள்பட்டால் வேகாது. தண்ணீர் உப்புத்தன்மை உள்ளதா என்று கேட்டேன். கடினநீரில் உள்ள கால்சியமும் விதையை இறுக்கும். இரண்டும் இல்லை. பாத்திரத்தில் என்னென்ன போட்டீர்கள், எந்த வரிசையில் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். ராஜ்மா, தண்ணீர், நான்கு தக்காளி, உப்பு.

தக்காளி முதலிலேயே போய்விட்டது. விதையின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரைந்தால்தான் விதை மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாது. தக்காளியோ எலுமிச்சையோ எது புளித்தாலும் இதே கதைதான். விதை நன்றாக வெந்த பிறகு புளிப்பைச் சேர்க்க வேண்டும். இதைச் சொன்னதும் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் அம்மா தக்காளியைத் தனியாக வதக்கிக் கடைசியில் கொட்டுவாள். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை," என்றார்.

அன்று இரவு அவர் ரொட்டியும் தயிரும் சாப்பிட்டுப் படுத்தார். நானும் அதையே சாப்பிட்டேன். எங்கள் ராஜ்மா நன்றாகத்தான் வந்திருந்தது.


அளவு பார்ப்பவன்

அப்பாவின் மகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தந்தை மறுபடி செய்யும்போது இதையும் சொல்லிவிடுங்கள். சிவப்பு ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிடக் கூடாது. அதில் லெக்டின் வகை நச்சுப்பொருள் ஒன்று மிகுதியாக இருக்கிறது. நான்கைந்து விதை அரைவேக்காடாக உள்ளே போனாலே கடும் வாந்தி வரும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்றாகத் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் இன்னும் நிம்மதி. அதன் பிறகு தீயைக் குறைத்துக்கொள்ளலாம். மின்சார மெதுசமையல் பாத்திரத்தில் பச்சையாகப் போட்டு விட்டுவிட்டுப் போவது ஆபத்து. அதன் சூடு அந்த நச்சை அழிக்கும் அளவுக்கு ஏறாமல் போகலாம்.

குக்கர் இருந்தால் கவலையே இல்லை. சாதாரணப் பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரியை ஒட்டிப் போகும். இரண்டரை மணி நேர வேலை அரை மணிக்குள் முடியும்.


அப்பாவின் மகள்

நன்றி ஐயா. இன்றே சொல்லிவிடுகிறேன். குக்கரின் விசில் சத்தம் கேட்டால் அப்பாவுக்குப் படபடப்பு வருகிறது. அதனால் அது பரணில் இருக்கிறது. அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. மெதுவாகவே வேகட்டும்.


ஒரு தட்டு

தனியாக இருப்பவர்களைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவருக்குச் சமைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அளவு சுருங்கும், வேலை சுருங்காது. அரைக் கப் பருப்புக்கும் ஒரு பாத்திரம், மூன்று கப் பருப்புக்கும் அதே ஒரு பாத்திரம்தான்.

நான் கண்ட வழி நான்கு பேருக்குச் சமைத்து மூன்று பங்கை உறையவைப்பது. -18 டிகிரியில் நுண்ணுயிர்கள் பெருகா. சுவையும் ஒரு மாதம் இரண்டு மாதம் தாங்கும். டப்பாவில் தேதி எழுதுவதில் மட்டும் சோம்பல் கூடாது. பருப்பு, சூப், வேகவைத்த கொண்டைக்கடலை நன்றாக உறையும். உருளைக்கிழங்குத் துண்டுகள் உறைந்து உருகினால் பொடிந்து நீர் விட்டுப்போகும், அவற்றை வைப்பதில்லை.

டப்பாவைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. வேலையிலிருந்து வந்து, நின்றபடியே பாத்திரத்திலிருந்து சாப்பிடும் பழக்கம் எனக்கு இருந்தது. ஓர் இரவு தக்காளி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, ரொட்டியைத் தட்டில் வைத்து, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். காரணம் எதுவும் இல்லை. ஆனால் அன்று சாப்பாடு முடிந்தது என்ற உணர்வு வந்தது. அதற்குப் பிறகு நின்றுகொண்டு சாப்பிடவில்லை.


மூன்று வயதுக்காரியின் அம்மா

என் மகள் கேரட்டைத் துப்பியது மொத்தம் பதினொரு முறை. எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டாவது முறை வாயில் வைத்திருந்தாள். பதின்மூன்றாவது முறை விழுங்கினாள்.

ஒரு புதிய காயைக் குழந்தை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க நேரலாம் என்று குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் மூன்றாவது முறையிலேயே, இவளுக்குக் கேரட் பிடிக்காது என்று முடிவு கட்டியிருக்க மாட்டேன். அவளுக்கென்று தனியாகச் சமைப்பதையும் நிறுத்திவிட்டேன். நாங்கள் சாப்பிடுவதில் காரம் சேர்க்கும் முன் அவளுக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பேன். தட்டில் அவளுக்குத் தெரிந்த ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் சோறு. புதிய காய் ஒரே ஒரு துண்டு. சாப்பிடு என்று சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு சிரமமாக இருந்தது என்று அம்மாக்களுக்குத் தெரியும்.


பக்கத்து வீடு

நான் சமைத்த இரவு இல்லை இது. சமைக்க முடியாத இரவு.

கணவருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த நாள். மருந்து வேளைகளை எழுதிவைத்து, படுக்கையைச் சரிசெய்து நிமிர்ந்தபோது இருட்டியிருந்தது. பசி வயிற்றை இழுத்தது, ஆனால் அடுப்படிக்குப் போக கால் எழவில்லை. அப்போது அழைப்பு மணி.

பக்கத்து வீட்டு அக்கா. அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் பழக்கம்தான். கையில் மூன்று டப்பாக்கள். ஒன்றில் குழைய வேகவைத்த சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் பூசணிக்காய். "காரம் சேர்க்கவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் மேலே தூவிக்கொள்ளுங்கள்," என்று மிளகுப்பொடியைக் காகிதத்தில் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே வரவில்லை. எப்படி இருக்கிறார், என்ன ஆயிற்று என்று ஒரு கேள்வி இல்லை. திரும்பிப் போகும்போது, "டப்பா பழையது, திருப்பித் தர வேண்டியதில்லை. கழுவக்கூட வேண்டாம்," என்றார்.

எத்தனையோ பேர் தொலைபேசியில், ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லும் வேலை என்னிடமே இருந்தது. மேலே பழைய பதில் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. அக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை. என்ன, எவ்வளவு, காரம் உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் அவரே யோசித்து முடித்துவிட்டு வந்திருந்தார்.

இப்போது நானும் யார் வீட்டுக்காவது சாப்பாடு கொண்டுபோனால் அப்படித்தான். கேட்பதில்லை. காரமில்லாதது, மறுநாளும் சூடாக்கிச் சாப்பிடக்கூடியது, திருப்பித் தர வேண்டாத டப்பாவில். மிளகுப்பொடிப் பொட்டலம் தனியாக.


இரவுப் பணி

மிளகுப்பொடிப் பொட்டலம். இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.


அந்திக் குறிப்பேடு

மூன்று நாட்களாக உங்கள் எல்லோரின் இரவுகளையும் படித்துவருகிறேன். என் பக்கத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் பழைய பதிலின் அனுபவத்தைப் படித்துக் காட்டினேன். கணவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை நோட்டைக் கழற்றி வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து அடுத்த மூன்று வரிகளைத் தானே எழுதினார். நான் எழுதுவது நடந்து முடிந்ததை. அவர் எழுதியது வரப்போவதை. கீரை வாடப்போகிறது என்பதால் அதை முதலில் போட்டிருந்தார். நாற்பது ஆண்டு அடுப்புப் பெரியம்மா சொன்ன வரிசையை அவரும் படித்திருக்கிறார்!

இன்று மாலை நான்கு மணிக்கு என் மனம் வழக்கம்போல் வீட்டுக்கு ஓடியது. ஃப்ரிட்ஜைத் திறக்கப்போன இடத்தில் நின்றுவிட்டது. இரவுக்கு முட்டைக்கோஸும் பருப்பும் என்று எழுதியாகிவிட்டது, எழுதியது நான் இல்லை. திரும்பி வந்து கையில் இருந்த வேலையை முடித்தேன்.

அப்பாவின் மகளே, ராஜ்மா என்ன ஆயிற்று? தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.


அப்பாவின் மகள்

இன்று மறுபடி செய்தார். நான் சொல்லவில்லை, அவரே முடிவெடுத்திருக்கிறார். ஆறரைக்கு அழைத்து, இன்று உன் வீட்டில் என்ன என்று கேட்கவில்லை. "இன்று ராஜ்மா. நீயும் வை," என்றார்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் வெந்துவிட்டது. தக்காளியைத் தனியாக வதக்கினார். கொட்டுவதற்கு முன் விதை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாராம். பிறகு நாக்கில் வைத்தும் பார்த்தாராம். கைப்பேசியைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "கேட்கிறதா?" என்றார்.

கேட்டது. நான் என் பாத்திரத்தின் பக்கம் பிடித்தேன்.